ஊனும் உடல்நலமும்: ஒரு சரித்திர நோக்கு

ஊன் உண்ணல் தகுமோ தகாதோ என்னும் வினா நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவி வருவதொன்றாகும். அவ்வினா எழும்போதெல்லாம் இருவேறு பொருள்கள் தம்முள் மயங்கி நிற்றலைக் காணலாம். பிறிதோர் உயிரைக் கொன்று அதன் உடம்பைத் தின்னல் அறமாகுமா என்பது ஒன்று. அங்ஙனம் தின்ற ஊன் தின்றவன் உடம்புக்கு நன்மை பயக்குமா தீமை பயக்குமா என்பது மற்றொன்று. முன்னையது அறநூலார்க்கு உரியது; பின்னையது வைத்தியர்க்கும் விஞ்ஞானிகளுக்கும் உரியது. சைவ உணவினர் பலர், ஊன் நோய்க்குக் காரணம் என்பதை விஞ்ஞானம் நிலைநாட்டிவிட்டது எனக் கூறி மகிழ்கின்றனர். ஊனுண்போர் பலர், உடல் வலிமைக்கு அதுவே வேர் என்பதற்கும் அவ்விஞ்ஞானத்தையே சான்றாக அழைக்கின்றனர். ஒரே சான்று இருவர்க்கும் எவ்வாறு துணை நிற்றல் கூடும்? அச்சான்று உருவாகிய வரலாற்றை அறிந்தாலன்றி இதற்கு விடை காணல் அரிது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக விஞ்ஞானிகள் இது குறித்துக் கூறியவற்றையும், அவற்றுள் நிலைத்தவை இவை, வீழ்ந்தவை இவை என்பதையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு ஊன் என்றது மாடு, ஆடு, பன்றி முதலிய விலங்குகளின் இறைச்சியையே. இக்காலத்து உணவியலார் இதனைச் செவ்விறைச்சி என வகுப்பர். கோழியும் மீனும் இவ்வகுப்பில் அடங்கா.

பழைய வைத்திய நூல்கள் ஊனை முற்றிலும் நல்லதென்றோ முற்றிலும் தீயதென்றோ கூறியவையல்ல. ஆயுள்வேதத்தின் முதனூல்களுள் ஒன்றாகிய சரகசங்கிதை, உடல் மெலிவிக்கும் சயரோகத்தாற் பீடிக்கப்பட்டவர்க்கு இறைச்சிச் சாற்றை விதிக்கின்றது. அந்நூல் உணவுப் பொருள் ஒவ்வொன்றையும் உண்பவனது தேகநிலை, செரிமான வலி, பருவகாலம், அளவு என்பவற்றோடு சேர்த்தே எண்ணுகின்றது. நம் நாட்டு வைத்தியர் நோய்க்கேற்பப் பத்தியம் விதிக்கும் வழக்கமும் இக்கருத்தையே அடியாகக் கொண்டது. ‘எவர்க்கு, எவ்வளவு’ என்னும் இவ்விரு சொற்களையும் நாம் நினைவில் இருத்தல் வேண்டும். பின்வந்த விஞ்ஞானம் பலமுறை இவற்றை மறந்து, மீண்டும் மீண்டும் அரிதின் முயன்று கண்டெடுக்க நேர்ந்தது.

ஊனைப் பற்றிய புதிய கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய இரசாயனக் கூடங்களிலே தோன்றிற்று. 1838 ஆம் ஆண்டில் ஒல்லாந்த விஞ்ஞானியாகிய முல்டர், விலங்குகளின் உடலிலும் தாவரங்களிலும் காணப்படும் நைதரசன் பொருந்திய சத்தைப் புரதம் எனப் பொருள்படும் சொல்லாற் குறித்தார். நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 1842 இல், ஜேர்மனியப் பேரறிஞர் லீபிக் தமது விலங்கு இரசாயன நூலை வெளியிட்டார். தசைகள் தொழில் செய்யும்போது புரதமே செலவாகின்றது. மாவும் கொழுப்பும் உடற்சூட்டைக் காக்க மாத்திரமே பயன்படும் என்பது அவர் கொள்கை. இதன்படி உழைப்பாளிக்கு வேண்டுவது புரதம். புரதம் மிக்கது இறைச்சி. ஆகவே வலிமைக்கு இறைச்சியே இன்றியமையாதது என்னும் முடிவு எளிதிற் பிறந்தது. ஆய்ந்து கண்ட முடிபாகாது, ஊகத்தின்மேற் கட்டப்பட்ட மாளிகையே இது. எனினும், லீபிக்கின் பெரும்புகழ் அதற்கு அத்திவாரமாயிற்று.

அம்மாளிகைக்கு வணிகம் மதில் எடுத்தது. தென்னமெரிக்கப் புல்வெளிகளில் அக்காலத்தே மாடுகள் தோலுக்காகவும் கொழுப்புக்காகவுமே பெரும்பாலும் கொல்லப்பட்டன; இறைச்சியின் பெரும்பகுதி வீணாயிற்று. அதனைக் காய்ச்சி வற்றச்செய்து குழம்பாக்கும் முறையை லீபிக் 1847 அளவில் வெளியிட்டிருந்தார். அம்முறையைக் கைக்கொண்டு, உருகுவே நாட்டிலுள்ள பிறே பெந்தோஸ் என்னுமிடத்தில் தொழிற்சாலை எழுந்தது. 1865 இல் லீபிக்கின் பெயரைத் தாங்கிய இறைச்சிச்சாற்றுக் கம்பனி இலண்டனில் நிறுவப்பட்டது. ஒரு கிலோ சாறு பெற முப்பது கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சி வேண்டியதாயிற்று. முப்பது கிலோவின் வலிமையெல்லாம் அவ்வொரு கிலோவில் திரண்டுள்ளதென மக்கள் நம்பினர். நோயாளிகளுக்கும் போர்வீரர்க்கும் அதனை ஊட்டினர். ஆனால் காய்ச்சி வடிக்கும்போது புரதத்தின் பெரும்பகுதியும் கொழுப்பும் நீக்கப்பட்டுவிடும். எஞ்சுவது மணமும் சுவையும் உப்புக்களுமே. அச்சாறு பசியைத் தூண்டும். உடலைப் போஷிக்கும் ஆற்றல் அதற்கு மிகச் சிறிதே. வலிமையின் பிழிவென விற்கப்பட்ட பொருளில் வலிமை தருவதெனச் சொல்லப்பட்ட சத்தே இல்லாதிருந்தது இவ்வரலாற்றின் முதல் வியப்பாகும்.

கம்பனி தோன்றிய அதே ஆண்டில் அக்கொள்கையின் அடித்தளமும் ஆட்டங்கண்டது. 1865 ஆகஸ்ட் 30 ஆம் நாள், ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இரு பேராசிரியர்கள் சுவிற்சர்லாந்திலுள்ள பவுல்ஹோர்ண் மலையில் ஏறினர். மலையேற்றத்துக்கு முன்னும் ஏறும்போதும் புரதமில்லாத உணவையே உண்டனர். தம் சிறுநீரில் வெளிப்பட்ட நைதரசனை அளந்து, உடலில் எரிந்த புரதம் எவ்வளவு எனக் கணித்தனர். ஏறக்குறைய 1,950 மீற்றர் உயரம் தம் உடலைச் சுமந்தேறிய உழைப்புக்கு அப்புரதம் போதாதென்பது தெளிவாயிற்று. உழைப்புக்கு வேண்டும் ஆற்றலை மாவும் கொழுப்பும் தருகின்றன என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் லீபிக்கின் கொள்கை உடனே மறையவில்லை. பரந்த நம்பிக்கையை ஒரு பரிசோதனை அழித்துவிடும் என எண்ணுதல் தவறு என்பதைச் சரித்திர மாணவர் குறித்துக்கொள்ளல் தகும்.

மியூனிச் நகரப் பேராசிரியர் வோய்ற், உழைப்பாளி ஒருவனுக்கு நாள்தோறும் 118 கிராம் புரதம் வேண்டும் என வரையறுத்தார். அமெரிக்காவில் அற்வாட்டர் அதனை 125 கிராமாக உயர்த்தினார். இவ்வெண்கள் எங்ஙனம் பெறப்பட்டன? நல்ல ஊதியம் பெற்ற உழைப்பாளர் உண்ணும் உணவை அளந்து, அவர்கள் உண்பதையே அவர்களுக்குத் தேவையானது எனக் கொண்டமையே பெரும்பாலும் இதற்கு அடிப்படை. வழக்கத்தை நியதியாகக் கொள்ளும் பிழை இது. யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் சிற்றென்டன் இதனை ஐயுற்றார். தம்மையும் தம் சக ஆசிரியர்களையும், இராணுவ வைத்தியப் பகுதியைச் சேர்ந்த வீரர்களையும், சர்வகலாசாலை விளையாட்டு வீரர்களையும் மாதக்கணக்கிற் குறைந்த புரத உணவில் வைத்து ஆராய்ந்தார். வோய்ற் கூறிய அளவில் ஏறக்குறையப் பாதியே போதுமென்றும், அதனால் வலிமை குன்றவில்லை என்றும் 1904 இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். இன்று உலக சுகாதார ஸ்தாபனம் 60 கிலோ நிறையுள்ள ஒருவர்க்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் போதுமென்கின்றது. சிற்றென்டனின் முடிபே காலத்தை வென்று நின்றதென்க.

இக்கொள்கைகள் ஆய்வுகூடத்தோடு அடங்கியவையல்ல. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆண்டமைக்கும் இந்தியர் அடங்கியமைக்கும் உணவே காரணம் என்னும் எண்ணம் பரவியிருந்தது. காந்தியடிகள் இளமையில் இராஜ்கோட்டிற் கல்வி பயின்றபோது, ஆங்கிலேயர் வலிமையுடையராய் ஆளுதற்கு ஊனுணவே காரணம் என நண்பரொருவர் கூறியதை நம்பிப் பெற்றோர் அறியாவண்ணம் ஆட்டிறைச்சி உண்டதைத் தமது சுயசரிதையிற் குறிப்பிடுகின்றார். பெற்றோரிடம் பொய் சொல்ல நேர்ந்தமையே அவரைப் பின்னர் அதனினின்றும் மீட்டது. 1912 இல் கல்கத்தாவில் உடற்றொழிலியற் பேராசிரியராயிருந்த மக்கே என்பவர், வங்காளியரது உடல் மெலிவுக்குப் புரதக் குறைவே காரணம் எனத் தனி நூலே எழுதினார். ஊன் உண்ணும் இனம் ஆளும், சோறு உண்ணும் இனம் பணியும் என்னும் அரசியற் கருத்துக்கு விஞ்ஞானப் போர்வை இவ்வாறு கிடைத்தது.

இப்போர்வையை விலக்க உதவிய ஆய்வு நீலகிரியிலுள்ள குன்னூரிலே நடைபெற்றமை தமிழர்க்குச் சுவைதரும் செய்தியாகும். அங்கே உணவாராய்ச்சிக் கூடத்தை நடத்திய மக்கரிசன், 1920களில் எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு மக்களது உணவைத் தனித்தனியே ஊட்டினார். சீக்கியரின் உணவை உண்ட எலிகள் மிகச் சிறந்து வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை மிகப் பின்தங்கின. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது மக்கேயின் கொள்கையை வலியுறுத்துவது போலத் தோன்றும். ஆனால் அச்சீக்கிய உணவில் இறைச்சி வாரத்துக்கு ஒருமுறை தரும் சிறு பகுதியே. முழுக்கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்பனவே நாள்தோறும் தரப்பட்டன. வறிய ஆங்கிலேயரின் உணவாகிய வெள்ளை ரொட்டி, மார்ஜரின், சீனி மிக்க தேநீர், அவித்த காய்கறி, தகர டின்னில் அடைத்த இறைச்சி என்பவற்றையும் வேறொரு கூட்டத்துக்கு அவர் ஊட்டினார். அவ்வெலிகள் வளர்ச்சி குன்றித் தம்முள் ஒன்றையொன்று கடித்துப் பொருதன. அவ்வுணவிலும் இறைச்சி இருந்தது. அது அவற்றைக் காக்கவில்லை. பாலும் முழுத்தானியமும் பெற்றுத்தந்த பெருமையை இறைச்சி தனதாக்கிக் கொண்டிருந்தது என்பது இதனால் விளங்கும். தவிடு போக்கிய அரிசியையே நம்பி வாழ்ந்த நம்மவர்க்கும் இவ்வாய்வில் ஒரு கண்டனம் உண்டு. ஊனை விலக்குதல் மாத்திரம் நல்லுணவு ஆகிவிடாது.

உலகப் போர்கள் எந்த விஞ்ஞானியும் செய்யத் துணியாத பெரும் பரிசோதனைகளை நடத்திவிட்டன. முதலாம் உலகப் போரில் கடல்வழி தடைப்பட்டபோது டென்மார்க் தேசம் உணவுப் பஞ்சத்தை எதிர்நோக்கிற்று. அரசுக்கு ஆலோசனை கூறிய ஹிந்தேட என்னும் வைத்தியர், பன்றிகளுக்கு இடும் தானியத்தை மனிதர்க்கே அளிக்கும்படி தூண்டினார். 1917 முதல் அந்நாட்டார் தவிடு சேர்ந்த ரொட்டி, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, பால், காய்கறி என்பவற்றை மிகுதியாகவும் இறைச்சியைச் சிறிதாகவும் உண்டனர். தொடர்ந்த ஓராண்டில் கொப்பன்ஹேகன் நகரத்து நடுவயது ஆடவரின் மரண விகிதம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததென அவர் 1920 இல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் வசப்பட்டிருந்த நோர்வேயிலும் இருதய நோயால் இறந்தோர் தொகை தாழ்ந்து, போர் முடிந்தபின் மீண்டும் உயர்ந்தது. இவற்றைக் கண்டு, இறைச்சியே எமன் என முடிவுகட்டியோர் பலர். ஆனால் டென்மார்க்கில் அக்காலத்தே சாராயமும் அருகியிருந்தது. நோர்வேயில் புகையிலையும் வெண்ணெயும் குறைந்து, மக்கள் நடத்தல் மிகுந்தது. பல காரணங்கள் ஒருங்கே மாறியவிடத்து ஒன்றை மாத்திரம் எடுத்துப் பழியோ புகழோ சூட்டல் முறையன்று.

ஊனின் பக்கம் நின்றோர்க்கும் வலிய சான்றுகள் கிடைத்தன. வடதுருவத்து எஸ்கிமோவருடன் வாழ்ந்த ஸ்ரெபான்சன் என்னும் ஆராய்ச்சிப் பயணி, 1928 இல் தோழர் ஒருவருடன் நியூ யோர்க் பெல்வியூ வைத்தியசாலையினரின் மேற்பார்வையில் ஓராண்டு இறைச்சியும் கொழுப்புமே உண்டு வாழ்ந்தார். இருவர்க்கும் குறிப்பிடத்தக்க தீங்கு காணப்படவில்லை. எனினும் கொழுப்பற்ற இறைச்சியை மாத்திரம் உண்ட நாட்களில் ஸ்ரெபான்சன் நோயுற்றார். இருவரை ஓராண்டு நோக்கிய ஆய்வு, பல்லாண்டு கழித்துத் தோன்றும் நோய்களைப் பற்றி ஒன்றும் கூறவல்லதன்று. அதற்குப் பொருளுதவி புரிந்தது அமெரிக்க இறைச்சி வணிகர் சங்கம் என்பதும் கருதற்பாலது. பொருள் கொடுத்தோர் யாவர் என்பது முடிவைப் பொய்யாக்காது. ஆயினும் கேட்கப்படும் வினா எது, கேளாது விடப்படும் வினா எது என்பதை அது பெரிதும் தீர்மானிக்கும்.

இதனினும் உறுதியான சான்று வைத்தியத் துறையில் எழுந்தது. உயிரைக் கொள்ளும் ஒருவகைக் கொடிய இரத்தச்சோகைக்கு 1926 வரை மருந்தில்லை. அவ்வாண்டு மைனற், மேர்பி என்னும் அமெரிக்க வைத்தியர்கள், விலங்கின் ஈரலை நாள்தோறும் உண்பித்து அந்நோயாளரைப் பிழைக்க வைத்தனர். நாய்களை வைத்துச் சோகையை ஆராய்ந்து வழிகாட்டிய விப்பிளும் அவ்விருவரும் 1934 இல் நோபெல் பரிசு பெற்றனர். ஈரலில் மறைந்திருந்த சத்து 1948 இல் தனித்தெடுக்கப்பட்டு உயிர்ச்சத்து பி12 எனப் பெயர் பெற்றது. தாவர உணவில் இச்சத்து கிடைப்பதில்லை. பாலும் தயிரும் முட்டையும் ஓரளவு தருவன. பாலையும் நீக்கியவர் இதனை மருந்தாகவேனும் பெறுதல் இன்றியமையாதது. இரும்புச் சத்தும் இறைச்சியிலிருந்தே உடலால் எளிதில் ஏற்கப்படுகின்றது. கீரை, பருப்பு முதலியவற்றிலுள்ள இரும்பைப் பெறத் தேசிக்காய், நெல்லி முதலிய புளிப்புக்கனிகளின் துணை பயனளிக்கும். சைவ உணவுக் குடும்பங்களில் வளரும் பெண்பிள்ளைகளும் கருவுற்ற தாய்மாரும் சோகையால் வாடும்போது, ‘எங்கள் உணவே சிறந்தது’ எனக் கூறிக் கண்மூடியிருத்தல் அவர்களுக்குச் செய்யும் தீங்காகும். உணவு அறத்தின்பாற்பட்டதாயினும் உடம்பு தன் கணக்கைக் கேளாது விடாது.

இரண்டாம் போருக்குப் பின் மேல்நாடுகளிற் பசி நீங்கிற்று, மிகையுணவு தலையெடுத்தது. 1955 இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் மாரடைப்புற்றமை அந்நாட்டாரின் அச்சத்தைப் பெருக்கிற்று. ஆன்செல் கீஸ் என்னும் பேராசிரியர் 1958 முதல் ஏழு நாடுகளின் ஆடவரை ஆராய்ந்து, விலங்குக் கொழுப்பு மிக்க உணவுக்கும் இருதய நோய்க்கும் தொடர்புண்டென்றார். 1977 தையில் மக்கவர்ன் தலைமை தாங்கிய அமெரிக்க மேற்சபைக் குழு, இறைச்சி உண்பதைக் குறைக்குமாறு மக்களுக்கு அறிவுரை கூறிற்று. கால்நடை வளர்ப்போர் கிளர்ந்தெழுந்தனர். அவ்வாண்டு மார்கழியில் வெளிவந்த திருத்திய பதிப்பில் ‘குறைக்க’ என்னும் சொல் மறைந்தது; கொழுப்புக் குறைந்த இறைச்சியையும் மீனையும் தெரிந்துகொள்க என்னும் பொருள்பட வாசகம் மாறிற்று. ஓராண்டுக்குள் விஞ்ஞானம் மாறவில்லை. அதனைச் சொல்லும் நாவே மாறிற்று. லீபிக்கின் காலத்தில் வணிகம் இறைச்சியின் புகழைப் பெருக்கியது போல இக்காலத்தில் அதன் பழியைக் குறைத்தது.

இதற்கிடையே ஆராயும் முறை செம்மையுற்று வந்தது. பல்லாயிரவரைப் பல்லாண்டு பின்தொடர்ந்து, அவர் உண்பதையும் அடையும் நோயையும் பதிந்து ஒப்பிடும் முறை வளர்ந்தது. 1976 இல் தொடங்கிய அமெரிக்கத் தாதிமார் ஆய்வில் 88,751 பெண்களின் விபரங்களைக் கொண்டு, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஆட்டிறைச்சி என்பவற்றை நாள்தோறும் உண்போர்க்குப் பெருங்குடற் புற்றுநோய் மிகுதியாக வருகின்றதென 1990 இல் எடுத்துக்காட்டப்பட்டது. காரணங்களும் ஒவ்வொன்றாகத் துலங்கின. பதனிட்ட இறைச்சியிற் சேர்க்கும் நைத்திரைற்று உப்பு, இறைச்சிக்குச் செந்நிறம் தரும் இரும்புப் பொருள், கடுந்தீயில் வாட்டும்போது தோன்றும் நச்சுப்பொருள்கள் என்பன குடற்சுவரைத் தாக்கும் வழிகள் ஆராயப்பட்டன.

இவையெல்லாவற்றையும் சீர்தூக்க, உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015 ஒக்ரோபரில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் 22 அறிஞரைக் கூட்டிற்று. எண்ணூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை நோக்கிய அவர்கள், ஹாம், பேக்கன், சொசேஜ் முதலிய பதனிட்ட இறைச்சி மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பது உறுதி என்றும், பதனிடாத செவ்விறைச்சி அங்ஙனம் விளைத்தல் பெரும்பாலும் கூடும் என்றும் தீர்ப்பளித்தனர். நாள்தோறும் 50 கிராம் பதனிட்ட இறைச்சி உண்பவர்க்குப் பெருங்குடற் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் உயரும் என்பது அவர்கள் கணிப்பு. இத்தீர்ப்பைப் பலர் பிழையாக விளங்கிக்கொண்டனர். புகையிலையும் பதனிட்ட இறைச்சியும் ஒரே வகுப்பில் வைக்கப்பட்டமையால் இரண்டும் ஒத்த தீமையுடையன எனக் கூறினர். அவ்வகுப்பு சான்றின் உறுதியைக் குறிப்பதன்றித் தீமையின் அளவைக் குறிப்பதன்று. பதனிட்ட இறைச்சி மிக்க உணவால் உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 34,000 பேர் புற்றுநோயால் இறக்கின்றனர் என மதிப்பிடப்பட்ட அதே காலத்தில், புகையிலையாற் புற்றுநோயுற்று இறப்போர் தொகை பத்து இலட்சமளவில் இருந்தது. பதினெட்டுச் சதவீதம் என்பதும் நூறு பேரில் பதினெட்டுப் பேர் மேலதிகமாக நோயுறுவர் எனப் பொருள்படாது. நூறு பேரில் ஐவர்க்கு வரக்கூடிய நோய் ஏறக்குறைய அறுவர்க்கு வரும் என்பதே அதன் பொருள். அது சிறிதெனத் தள்ளற்குரியதுமன்று. பெரிதென அஞ்சி நடுங்கற்குரியதுமன்று.

இத்துடன் வாதம் ஓய்ந்துவிடவில்லை. 2019 இல் வேறோர் அறிஞர் குழு, இச்சான்றுகளின் உறுதி போதாது. ஆதலின் மக்கள் தாம் உண்ணும் இறைச்சியைக் குறைக்க வேண்டியதில்லை என எழுதிற்று. பலர் அதனைக் கடிந்தனர். நிதித்தொடர்பு பற்றிய திருத்தமொன்றை அதனை வெளியிட்ட இதழே பின்னர்ப் பிரசுரித்தது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்தில் 48,000க்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஒக்ஸ்போட் ஆய்வு மற்றொரு செய்தியைத் தந்தது. இறைச்சியும் மீனும் உண்ணாதோர்க்கு இருதய நோய் குறைவாகவும், மூளையில் இரத்தக் கசிவால் வரும் பாரிசவாதம் சற்று மிகுதியாகவும் காணப்பட்டன. இரு கட்சியாரும் தத்தமக்கு இனிய பாதியை எடுத்துக்கொண்டு மற்றைய பாதியை மறைத்தல் எளிது. இரண்டையும் ஒருங்கு சொல்லுதலே கற்றார் கடன்.

இச்சரித்திரத்தால் நாம் பெறும் தெளிவு யாது? பசித்த காலம் இறைச்சியில் வலிமையைக் கண்டது. அடிமைப்பட்ட தேசம் அதில் அரசாட்சியைக் கண்டது. மிகையாக உண்ட காலம் அதில் நோயைக் கண்டது. ஒவ்வொரு காலமும் தன் ஆசையையும் அச்சத்தையுமே அதன்மேல் ஏற்றிற்று. ஆயினும் உண்மை சிறிது சிறிதாக வெளிப்படாமலுமில்லை. ஊன் வலிமைக்கு இன்றியமையாதது என்னும் கொள்கை வீழ்ந்தது. ஊன் முழுவதும் நஞ்சென்னும் கொள்கையும் நிலைக்கவில்லை. பதனிட்ட இறைச்சியைத் தவிர்த்தல் நன்று. செவ்விறைச்சியை நாள்தோறும் மிகுதியாக உண்ணல் தீது. வறியவரும் நோயாளியும் சிறிதளவு உண்பதால் நன்மை அடைதலும் கூடும். உண்ணாதவர் பி12, இரும்பு என்பவற்றை வேறு வழியில் தேடிக்கொள்வாராயின் குறைவின்றி வாழலாம் என்பனவே இன்றுவரை நிலைத்து நிற்கும் முடிபுகள். நன்றா தீதா என்னும் வினாவுக்கு ஒரு சொல்லில் விடையில்லை. எவர்க்கு, எவ்வளவு, எவ்வடிவில், எதற்குப் பதிலாக என்னும் நான்கு வினாக்களே அதற்கு விடையாகின்றன. இறைச்சியை விட்டு அவ்விடத்தை வெள்ளைச் சோற்றாலும் சீனியாலும் நிரப்பியவன் ஒன்றும் பெற்றிலன்.

இனி, தொடக்கத்திற் கூறிய மயக்கத்துக்கு மீள்வாம். வள்ளுவர் புலான்மறுத்தல் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் துறவறவியலில் வைத்தார். மருந்து என்னும் அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். முன்னையதில் ஊனுண்டால் நோய்வரும் எனப் பயமுறுத்தும் குறள் ஒன்றேனும் இல்லை. அருளே அங்கு அடிப்படை. பின்னையதில் அளவும் செரிமானமுமே பேசப்படுகின்றன, ஊன் பேசப்படவில்லை. இருவேறு வினாக்களை இருவேறு இடங்களில் வைத்த அவ்வறிவுடைமை நமக்கு வழிகாட்டியாதல் வேண்டும். காந்தியடிகளும் 1931 இல் இலண்டன் சைவ உணவுச் சங்கத்தாரிடை உரையாற்றியபோது, உடல்நலத்துக்காகவே ஊனை விட்டவர் பெரும்பாலும் மீண்டும் அதனையே நாடினர் என்றும், அறத்தை அடிப்படையாகக் கொண்டாலன்றி அவ்வொழுக்கம் நிலைபெறாது என்றும் எடுத்துரைத்தார்.

அவர் கூறியதன் ஆழத்தை இச்சரித்திரம் காட்டுகின்றது. விஞ்ஞானத்தின் முடிபுகள் புதிய சான்று கிடைக்குந்தோறும் மாறுவன. மாறுதலே அதன் பெருமை. கொல்லாமையை அம்முடிபுகளின்மேல் ஊன்றி வைப்போமாயின், நாளை ஓர் ஆய்வு ஊன் நல்லதெனக் கூறும்போது அவ்வறமும் உடன் சரியும். அறத்தைக் காக்க விரும்பி விஞ்ஞானத்தை வளைப்போமாயின், இறைச்சி வணிகர் செய்ததையே நாமும் செய்தவராவோம். ஊனை மறுப்போர் அருளின்பொருட்டு மறுப்பாராக. உடம்பைப் பேணுவோர் சான்றை முழுமையாக நோக்கிப் பேணுவாராக. இரண்டையும் தனித்தனியே நேர்மையுடன் ஆராயும் மாணாக்கனே இரண்டிலும் ஏமாறாதிருப்பான்.